பெட்போர்ட் புராணம்: தலைமன்னார்க் காண்டம்

மன்னாரின் போக்குவரத்து வரலாறு குரங்குகளில் தொடங்குகிறது. இராமபிரான் பாலம் கட்டியபோது கேள்விப்பத்திரம் கோரவில்லை. சுற்றாடல் அறிக்கை எடுக்கவில்லை. வானரங்களுக்குச் சேமலாப நிதி கட்டியதாக வால்மீகியும் சொல்லவில்லை, கம்பரும் சொல்லவில்லை. மலையைப் பிடுங்கிச் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கில் நிற்க, மணலில் உருண்டு வந்து உதறிவிட்டுப் போன அணிலுக்கு மட்டும் முதுகில் மூன்று கோடு கிடைத்தது. அன்று தொட்டு இந்தக் கரையில் சுமப்பவன் ஒருவன், பேர் வாங்குகிறவன் வேறொருவன். லொறி வந்த பிறகும் அதில் மாற்றமில்லை. சுமந்தவன் கிளீனர். பேர் வாங்கியவர் றைவர். மிச்சப் பேரை இங்கிலாந்து வாங்கிக்கொண்டது.

இப்படிச் சொன்னால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பெரியவர்களுக்குக் கோபம் வரும். அவர்களுக்குப் பெட்போர்ட் என்பது லொறி இல்லை, குலதெய்வம். "அது அந்தக் காலத்து இரும்பு, தம்பி!" என்று தொடங்கினார்களென்றால் தேத்தண்ணி ஆறி ஆடை படியும்வரை ஓயாது. அந்த இரும்பு மன்னார் உப்புக் காற்றில் எத்தனை மாதத்தில் கறள் கட்டியது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

லொறிக்கு முந்திய காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். கண்டி இராச்சியத்தில் 19 வருடம் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1679-ல் ஒரு கூட்டாளியோடு வியாபாரி வேடம் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அனுராதபுரத்துக்கு வந்து, மல்வத்து ஓயாக் கரையைப் பிடித்துக் காட்டுக்குள்ளால் நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையில் போய்ச் சேர்ந்தார். அந்த ஆறு எங்கள் பக்கம் வந்ததும் அருவியாறு. அனுராதபுரம் தொடக்கம் மன்னார்க் கரை வரை எம்ரியாக ஓடிய முதல் நெடுந்தூரச் சாரதி என்று நொக்ஸைச் சொல்லலாம். ஊருக்குத் திரும்பிப் போய்ப் பயணத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். சாரதிமாருக்கு வாய் அதிகம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு 1914. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் வெள்ளைக்காரன் கப்பல் விட்டான். இரண்டு பக்கமும் ரயில். மதராசில் ஏறினவர் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். ஒரே டிக்கெட்டு. இடையில் கொஞ்சம் வாந்தி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை ஒரே இரவில் கடலுக்குக் கொடுத்தது. எண்பதுகளில் கப்பலும் நின்றது. 1990-ல் ரயிலும் நின்றது. நின்ற ரயில் மறுபடி தலைமன்னாருக்கு வர 2015 ஆயிற்று. இருபத்தைந்து வருடம் தாமதம், அவ்வளவுதான். இந்த வரலாற்றில் நிற்காமல் ஓடிய ஒரே பொருள் கருவாடு. அதை ஓட வைத்தது லொறி.

இனி நாயகன் அறிமுகம். இங்கிலாந்தில் லூட்டன் என்றொரு ஊர். அங்கே வொக்ஸ்ஹோல் கம்பனி 1931 தொடக்கம் பெட்போர்ட் என்ற பேரில் லொறி செய்தது. இங்கிலாந்தின் மானம் என்று நம்மவர்கள் நெஞ்சை நிமிர்த்திய அந்தக் கம்பனிக்கு முதலாளி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் என்பது வேறு கதை. இரண்டாம் உலகப் போரில் மட்டும் இரண்டரை இலட்சம் பெட்போர்ட் லொறிகளைச் செய்து இராணுவத்துக்குக் கொடுத்தார்கள். ஹிட்லரைத் துரத்திய அந்தச் சாதிக்குப் போர் முடிந்த பிறகு உலகமெங்கும் வேறு வேலை கிடைத்தது. எங்கள் கரையில் கிடைத்த வேலை திருக்கைக் கருவாடு சுமப்பது.

பெட்போர்ட் தனியாள் இல்லை. ஒஸ்ரின், மொறிஸ், கொமர், தேம்ஸ் றேடர், லேலண்ட் என்று ஒரு பெரிய குடும்பம். ஸ்கொட்லாந்தில் செய்த அல்பியனுக்கு உதயசூரியன் சின்னம். சூரியன் உதிப்பது எவ்வளவு நிச்சயமோ அல்பியன் ஓடுவதும் அவ்வளவு நிச்சயம் என்பது அதன் விளம்பரம். குளிர்ந்த எஞ்சின் சூரியன் உதித்து நன்றாக மேலே வந்த பிறகுதான் ஸ்ரார்ட் ஆகும் என்பது எங்கள் பக்கத்து வியாக்கியானம். கப்பலில் வந்தது பெரும்பாலும் எஞ்சினும் சேசிசும்தான். பின்னால் பெட்டி கட்டியவர் உள்ளூர்த் தச்சர். இங்கிலாந்து இரும்பும் வன்னிக் காட்டு மரமும் கலியாணம் கட்டினால் பிறக்கும் பிள்ளை எப்படியிருக்குமோ அப்படியிருந்தது மன்னார் லொறி: முன்னால் துரை, பின்னால் மாட்டு வண்டில்.

துரையை எழுப்புவது ஒரு பூசை. பற்றறி என்ற ஒன்று பேருக்குக் கிடக்கும். ஆகவே கிறாங்க் கம்பி. கிளீனர் பொடியன் போனற்றுக்கு முன்னால் குந்தி, ஓட்டைக்குள் கம்பியை விட்டு, பல்லுப் பிடிக்கும்வரை துழாவ வேண்டும். கம்பியைப் பிடிக்கிறபோது பெருவிரல் மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் பெருவிரலை மறுபக்கம் வளைத்துப் பிடித்தவன், எஞ்சின் திருப்பி உதைத்தால், அந்த விரலை மறந்துவிடலாம். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். மேலிருந்து கீழே அமத்தக் கூடாது. இதெல்லாம் பொடியனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் உதையில் பாதி புரியும். இரண்டாவது உதையில் மீதியும் புரிந்துவிடும். றைவர் அண்ணை உள்ளே இருந்து சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, "டேய், சோறு தின்னேல்லையோ? இழுத்துச் சுத்தடா!" என்பார். ஆறாவது ஏழாவது சுற்றில் துரை ஒரு தும்மல் தும்மி, கறுப்புப் புகையைக் கக்கி, முழு வீதியையும் எழுப்பிக்கொண்டு எழும்புவார். "பாத்தியே, ஒரு சுத்து! அது பெட்போர்ட்!" என்பார் றைவர். ரொறன்ரோவில் இன்றைக்குச் சொல்லப்படுவது அந்த ஒரு சுத்துக் கதைதான்.

அடுத்த தடை கழுதை. மன்னார்ப் பட்டினத்தில் கழுதைகள் வரி கட்டாத பிரசைகள். அரபு வணிகர் கொண்டுவந்து விட்டுப்போனவை என்பார்கள். வணிகர்கள் போய்விட்டார்கள், கழுதைகள் தங்கிவிட்டன. பகல் வெயிலில் காய்ந்த தார் றோட்டு இரவு இளஞ்சூடாக இருக்கும் என்பதை இந்தத் தீவில் கண்டுபிடித்த முதல் உயிரினம் அவைதான். நடுறோட்டில் படுத்திருக்கும். ஹோர்ன் அடித்தால் ஒரு காதை மட்டும் திருப்பும். கிளீனர் இறங்கிப்போய்த் தள்ள வேண்டும். தள்ளும்போது பின்பக்கம் நிற்கக் கூடாது என்பது அவன் கற்கும் இரண்டாவது பாடம். கழுதைகளுக்கென்று இப்போது மன்னாரில் வைத்திய நிலையம் இருக்கிறது. கிளீனருக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கழுதையைத் தாண்டி, பாலம் தாண்டி, தள்ளாடிச் சந்தி, உயிலங்குளம், முருங்கன், மடு றோட், செட்டிகுளம், மதவாச்சி. அங்கிருந்து அனுராதபுரம், புத்தளம், சிலாபம், கொழும்பு. 300 கிலோமீற்றருக்கு மேல். சோளகம் அடிக்கும் மாதங்களில் பாலத்துக்குப் போகும் தாம்போதியில் கடல் துமியும் மணலும் சேர்ந்து கண்ணாடியைத் தேய்க்கும். மாரியில் அருவியாறு பெருகினால் பாதை இல்லை. வெள்ளம் வடியும்வரை லொறி நிற்கும், மீன் நிற்காது. செட்டிகுளத்துக்கு அங்கால் யானை. யானைக்கு ஹெட்லைற் போடக் கூடாது என்று ஒரு கட்சி, போட வேண்டும் என்று ஒரு கட்சி. பெட்போர்ட்டுக்கு இந்தக் கொள்கைப் பிரச்சினை வரவில்லை. அதன் லைற் வெளிச்சத்தில் யானையே தெரியாது.

போகிற வழியில் பழுது வராமலா? பெற்றோல் தாங்கி ஒழுகினால் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைப் பிசைந்து அப்புவது. றேடியேற்றர் ஒழுகினால் மஞ்சள் தூள். சைலன்சர் கழன்றால் கம்பி. கம்பி இல்லையென்றால் கிளீனரின் இடுப்புக் கயிறு. ரயர் கிடைக்காத காலத்தில் உள்ளே வைக்கோல் திணித்து ஓடினதாகவும் ஒரு கதை உண்டு. கதை சொல்பவர் றைவர் என்பதால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். உண்மை என்னவென்றால், பெட்போர்ட் பழுதாகாத லொறி இல்லை. எவனும் எதையும் வைத்து ஒட்டலாம் என்று விட்டுக்கொடுத்த லொறி. அதன் புகழ் லூட்டனில் செய்த பாகங்களுக்குச் சேரவேண்டியதில்லை. அந்தப் பாகங்கள் கழன்று விழுந்த இடத்தில் சேற்றில் படுத்துக் கிடந்தவனுக்குச் சேரவேண்டியது.

மாதம்பையில் றோட்டோரத்தில் தனிவெல்ல தேவாலயம். வாசலில் முன்கால்களைத் தூக்கி நிற்கும் வெள்ளைக் குதிரை. அந்தப் பாதையில் போகிற வாகனங்கள் நிறுத்திக் காணிக்கை போட்டுவிட்டுப் போவது வழக்கம். சிங்களவன், தமிழன், முஸ்லிம், வேதக்காரன் என்ற பேதம் ஸ்ரியரிங் பிடித்தவனுக்குக் கிடையாது. பிறேக்கில் நம்பிக்கை இல்லாதவனுக்கு எல்லாத் தெய்வமும் வேண்டும். லொறியின் நெற்றியில் மடு மாதா, உள்ளே பிள்ளையார் படம், மாதம்பைக் குதிரைக்குச் சில்லறை. காப்புறுதிக் கம்பனிக்குக் கட்டியதைவிட இது அதிகம் என்று முதலாளிமார் புறுபுறுப்பார்கள். ஆனால் நிறுத்து என்று சொல்ல எவருக்கும் துணிவில்லை.

கொழும்புப் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் விடிய முன் போய் நின்றால் லொறி றைவருடையது இல்லை, நாட்டாமிகளுடையது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற அந்த மனிதர்கள் கட்டாக் கருவாடா, சீலாவா, நெத்தலியா என்பதைச் சாக்கை அவிழ்க்காமலே சொல்வார்கள். சில லொறிகள் அதோடு நிற்காமல் மலைநாட்டுக்கும் போகும். தோட்டத்துச் சமையலறைகளுக்குக் கருவாடு இல்லாமல் முடியாது. பிரச்சினை என்னவென்றால், மன்னார் றைவர் பிறந்தது தொட்டுப் பார்த்த ஆகப் பெரிய ஏற்றம் மன்னார்ப் பாலம். அவரைக் கொண்டுபோய்க் கடுகண்ணாவையில் விட்டால்? முதல் கியரில் எஞ்சின் அழும். றேடியேற்றர் கொதித்துக் கேத்தல் போலச் சீறும். கிளீனர் இறங்கி, கையில் அணைக்கட்டையோடு பின்சில்லுக்குப் பக்கத்தில் நடந்து வருவான். லொறி பின்னுக்குச் சரிந்தால் சில்லுக்குக் கீழே கட்டையைத் தள்ளுவது அவன் வேலை. கட்டை தப்பினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல சமயம் அவன் லொறியை முந்திப் போய், மேலே நின்று காத்துக்கொண்டிருப்பான்.

அதே காலத்தில் வெள்ளைக்காரர் என்ன செய்தார்கள் என்று கேட்டால், அவர்களும் இதைத்தான் செய்தார்கள், ஆனால் பேர் வாங்கினார்கள். 1964-ல் இரண்டு இங்கிலாந்துக்காரர் கை வொரியர் என்ற லொறி ஒன்றில் சரக்கேற்றி லண்டனிலிருந்து காபூலுக்கு ஓட்டிப் போனார்கள். அதிலிருந்து அஸ்ட்ரான் என்ற கம்பனி முளைத்தது. எழுபதுகளில் எண்ணெய்ப் பணம் பெருகியதும் ஸ்கானியா, வொல்வோ, மெர்சிடிஸ் என்று சாரிசாரியாகத் துருக்கிக்குள்ளால் தெகரானுக்கும் தோஹாவுக்கும் ஓடின. துருக்கியின் தாஹிர் கணவாயில் பனிச் சறுக்கல். எல்லைகளில் நாட்கணக்காய்க் காவல். 1977-ல் பிபிசி கமராவோடு கூடவே போய்ப் படம் எடுத்தது. இன்றும் அந்தச் சாரதிமார் அதைச் சொல்லிக் கண்கலங்குகிறார்கள். நல்லது. மன்னார்ப் பேசாலையிலிருந்து புறக்கோட்டைக்குப் போன எங்கள் ஆட்களுக்குக் கமரா வரவில்லை. வந்தது பொலிஸ். தோஹாவுக்குப் போனவனுக்கு நாட்டுக்கு நாடு எல்லை. எங்கள் ஆளுக்கு ஒரே நாட்டுக்குள்ளேயே அத்தனை எல்லை.

முதல் எல்லை ஓர் எழுத்து. 1957-ல் புதிய வாகனங்களின் இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு ஓடினார்கள். 1958-ல் அரசு பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு வந்தபோது தார் வாளியும் தூரிகையும் காத்திருந்தன. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார். றோட்டுக்குப் போடத் தார் இல்லாத நாட்டில் எழுத்துக்குப் பூசத் தார் தாராளமாகக் கிடைத்தது. அந்த வருடம் மே மாதம் கலவரம். அப்போதைய போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனநாயக்க பிற்காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணைத்தான் கலியாணம் செய்தார். வீட்டுக்குள் எந்த ஸ்ரீ செல்லுபடியானது என்று வரலாறு சொல்லவில்லை. லொறிக்காரனுக்கு இரண்டு பக்கமும் ஓட வேண்டும். சிங்கள எழுத்தோடு இங்கே வந்தால் தார், தமிழ் எழுத்தோடு அங்கே போனால் அடி. தகட்டில் ஒரு கை சேறு அப்பிவிட்டால் இரண்டு பக்கத்தாருக்கும் வாசிக்க முடியாது என்று கண்டுபிடித்தவன் ஒரு கிளீனர்தான் என்று கதை. மொழிப் பிரச்சினைக்கு இலங்கையில் முன்வைக்கப்பட்ட தீர்வுகளில் இது ஒன்றும் மோசமானதில்லை.

இரண்டாவது எல்லை அரிசி. 1970-களில் சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில் இறக்குமதி நின்றது. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை. றோட்டுக்குக் குறுக்கே தடி. சிங்களத்தில் அதற்கு ஹால் பொல்ல என்று பேர். கட்டுக்கரைக் குளத்து நீரில் முருங்கன் பக்கம் விளைந்த அரிசி, கொழும்பில் மருமகள் வீட்டுக்குப் போவதற்குக் கடத்தல் சரக்காக மாறவேண்டி வந்தது. இங்கேதான் கருவாட்டின் மகிமை. அடியில் அரிசி, மேலே சுறாக் கருவாடு. தடியருகில் நின்ற உத்தியோகத்தர் முதல் சாக்கை அவிழ்ப்பார், முகத்தைச் சுளிப்பார், கையை ஆட்டிப் போகச் சொல்வார். உதிரிப்பாகம் கிடைக்காத அந்த ஏழு வருடத்தில்தான் பெட்போர்ட் புராணத்தின் பெரும் பகுதி எழுதப்பட்டது. புதிய லொறி வராததால் பழைய லொறி சாக அனுமதிக்கப்படவில்லை. அதைத்தான் இப்போது உறுதி என்கிறோம்.

1977-ல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். இறக்குமதிக் கதவைத் திறந்தார், ஜப்பான்காரன் உள்ளே வந்தான். இசுசு எல்ப், மிற்சுபிசி கன்டர். சாவியைத் திருகினால் ஸ்ரார்ட். "இதுவும் ஒரு லொறியோ? வெங்கல ஓசை இல்லையே!" என்று றைவர்மார் காறித் துப்பினார்கள். துப்பிவிட்டு ஏறி ஓட்டினார்கள். கிளீனர்மார் துப்பவில்லை. இரண்டு பெருவிரலையும் எண்ணிப் பார்த்தார்கள், இருந்தன, போதும்.

அதன் பின் வந்த காலத்தைப் பகிடியாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1990 ஒக்ரோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். கருவாட்டு வியாபாரமும் லொறியும் வைத்திருந்த குடும்பங்கள் கையில் கொண்டுபோகக்கூடியதைக் கொண்டு புத்தளம் பக்கம் போய்க் கொட்டிலில் இருந்தன. அதே வருடம் மன்னார்ப் பாலமும் தகர்ந்தது. வடக்கில் எரிபொருள் தடை. பெற்றோலுக்குச் செய்த எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டி எழுப்பிவிட்டு, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஏமாற்றுவது. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் தங்கள் வாழ்நாளில் கண்ட கடைசிப் பெருமை அது. பின்னாளில் மதவாச்சித் தடையில் லொறியே மாற வேண்டும்: மன்னார் லொறியில் வந்த மீனை இறக்கி, ஆமி கம்பியால் குத்திப் பார்த்து, தெற்கு லொறியில் ஏற்ற வேண்டும். ஐஸ் உருகும். அங்கேயும் இறக்கி ஏற்றியவன் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு திருப்பமும் நடந்தது. ஐரோப்பாவிலிருந்து லொறிகள் எங்களிடம் வந்த காலம் போய், எங்கள் பிள்ளைகள் ஐரோப்பிய லொறிகளுக்குள் ஏறிய காலம் வந்தது. முன் சீற்றில் இல்லை. பின்னால், சரக்குக்குள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஏஜென்சிக்காரனுக்குக் காசு, எல்லைக்கு எல்லை ஒரு லொறி. 1995 ஜூலையில் ஹங்கேரியில் ஒரு லொறிப் பெட்டிக்குள் 18 தமிழர்கள் மூச்சடைத்து இறந்தார்கள். தப்பிப் போய்ச் சேர்ந்தவர்களில் பலர் இன்று அங்கே உழைத்து வீடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்போர்ட் பற்றிப் பேசுகிறார்கள். எந்த லொறியைப் பற்றிப் பேச முடியாதோ அதைப் பற்றிப் பேசாமலிருக்க இது ஒரு வழியாகவும் இருக்கலாம்.

2010-ல் மன்னாருக்குப் புதிய பாலம் வந்தது. இப்போது அதன் மேல் ஓடுவது டிப்பரும், லேலண்டும், டிமோ பட்டாவும். அந்த லேலண்ட் இங்கிலாந்து லேலண்ட் இல்லை, சென்னை அசோக் லேலண்ட். பட்டா என்பது ராட்டாவின் குட்டி லொறி. ஒரு வள்ளத்து மீனை ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் போகும், கிளீனர் தேவையில்லை. பெட்போர்ட்டின் பெரிய லொறித் தொழிலை 1987-லேயே ஜெனரல் மோட்டர்ஸ் விற்றுவிட்டது. பாகிஸ்தானில் மட்டும் இன்னும் அதைக் கலியாணப் பெண் போலச் சோடித்து ஓட்டுகிறார்கள். அங்கேயும் அடியில் படுத்துக் கிடப்பவன் ஒரு பொடியனாகத்தான் இருப்பான்.

ஆகவே, வாசகரே, உங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில் பழைய பெட்போர்ட் போனற் ஏதும் கிடந்தால், பழைய இரும்பு எடுக்கிறவர் வரும்போது நல்ல விலைக்குக் கொடுத்துவிடுங்கள். டெங்கு நுளம்பாவது குறையும். அந்தக் காலத்துக் கதை கேட்க விருப்பமென்றால், கிளீனராக இருந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பேசாலையிலோ வங்காலையிலோ எழுபது வயது தாண்டியவர் யாராவது அகப்படுவார். றைவரிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர் ஒரு சுற்றில் ஸ்ரார்ட் ஆனது என்பார்.